பினாங்கு நாட்குறிப்பு: சுவர் இருக்கிறது, குடித்தனம் இருக்கிறதா?

வியாழன்

கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் பட்டர்வொர்த் வந்து சேர நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. அங்கிருந்து பினாங்குத் தீவுக்குப் பாலம் வழியாகக் காரிலும் போகலாம். முதல் முறை போகிறவர்கள் படகிலேயே போங்கள். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் படகுத்துறை. கடலில் இருந்து பார்க்கும்போது ஊரின் சிக்கல் முழுக்கக் கண்ணில் படும். பின்னால் கொம்தார் கோபுரமும் அடுக்குமாடிகளும், முன்னால் கரையை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் சிவப்பு ஓட்டுக் கூரைகள். அந்தக் கூரைகள்தான் ஜார்ஜ் டவுன்.

1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேய வணிகர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அமைத்த துறைமுக நகரம் இது. சீனர், தமிழர், மலாய்க்காரர், அச்சே நாட்டார், ஆர்மேனியர் என்று வியாபாரத்துக்கும் கூலிக்கும் வந்தவர்கள் தெருத்தெருவாகக் குடியேறினார்கள். 2008 ஜூலை 7-ஆம் தேதி மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மையப் பகுதி சுமார் 109 ஹெக்டேர், அதைச் சுற்றிப் பாதுகாப்பு வளையமாக இன்னொரு 150 ஹெக்டேர். மையப் பகுதியில் புதிதாகக் கட்டினால் 18 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது. கட்டடத்தைக் காப்பாற்ற இப்படி விதிகள் நிறைய இருக்கின்றன. கட்டடத்துக்குள் இருப்பவரைக் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

சாயங்காலம் பெட்டியை வைத்துவிட்டுச் சும்மா ஒரு சுற்று நடந்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

வெள்ளி

ஆர்மேனியன் தெருவைப் பார்க்கக் காலை எட்டு மணிக்கே போய்விட வேண்டும். கடைகளின் மரப்பலகைக் கதவுகள் மூடியிருக்கும். அஞ்சடியில் ஒரு தாத்தா நாற்காலி போட்டுச் சீனப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். அஞ்சடி என்றால் கடைவீட்டின் முன்னால் மேல்மாடிக்குக் கீழே விடப்பட்ட நடைவழி. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. பத்து மணிக்கு மேல் கதை மாறுகிறது. எர்னஸ்ட் ஜக்காரெவிச் என்ற லிதுவேனிய ஓவியர் 2012-ல் வரைந்த, சைக்கிளில் போகும் இரண்டு குழந்தைகள் ஓவியத்துக்கு முன்னால் வரிசை நிற்கிறது. சைக்கிள் நிஜ சைக்கிள், சுவரில் பொருத்தியிருக்கிறார்கள். நல்ல ஓவியம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த வரிசையில் நிற்கிறவர்களில் அநேகம் பேர் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஓவியத்துக்குப் போய்விடுகிறார்கள். அதே தெருவில் 120-ஆம் எண் வீட்டில் 1910-ல் சன் யாட்-சென் இருந்து சீனப் புரட்சிக்குத் திட்டம் போட்டார். அந்த வாசலில் நான் நின்ற நேரம் முழுக்க வேறு யாரும் வரவில்லை.

ஒரு காலத்தில் செம்பு அடிக்கிற பட்டறைகள் இருந்த தெரு இது. இன்று இரண்டு பக்கமும் சட்டை, காந்தப் பொம்மை, ஐஸ்கிரீம்.

சரி, சுற்றுலாதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று சொல்லிவிட்டுப் போகலாமா? முடியாது. இங்கே ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலேசியாவில் 1966-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1948 ஜனவரிக் கடைசிக்கு முன்னால் கட்டின கட்டடங்களுக்கு வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது, குடியிருப்பவரைக் காலி செய்யவும் கூடாது. ஜார்ஜ் டவுனில் ஏறக்குறைய எல்லாமே அந்த வயதுக் கட்டடங்கள். அதனால் தாத்தா பிடித்த வீட்டில் பேரன் அதே சொற்ப வாடகையில் இருந்தான். கீழே தொழில், மேலே குடும்பம். ஓடு பிரித்து மாட்டக் கூட அந்த வாடகை போதாது என்பது வீட்டுக்காரர்களின் குறை. அதிலும் நியாயம் உண்டு. கூரை ஒழுகி, உத்தரம் உளுத்து, சில வீடுகள் தானாகவே விழுந்தன.

1997-ல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட நாடாளுமன்றம் முடிவு செய்தது. 2000 பிறந்ததும் கட்டுப்பாடு போய்விட்டது. வாடகை பல மடங்கு ஏறியது. தலைமுறைகளாக இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். வீடுகள் காலியாகின. காலி வீடுகளில் என்ன வந்தது தெரியுமா? குருவிகள். உழவாரன் இனப் பறவை தன் எச்சிலால் கட்டும் கூட்டைச் சீனர்கள் சூப் வைத்துச் சாப்பிடுவார்கள். அதற்கு நல்ல விலை. ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு, உள்ளே ஈரத்தைத் தேக்கி, வீட்டையே கூடாக்கினார்கள். பாரம்பரியத் தலம் என்று அறிவித்த பிறகு, மையப் பகுதியிலிருந்து அந்தப் பண்ணைகளை 2013 முடிவுக்குள் அகற்றச் சொன்னது மாநில அரசு.

ஆக முதலில் போனவர்கள் மனிதர்கள். 2008-ல் யுனெஸ்கோ முத்திரை கிடைத்தபோது, ஊரில் பல வீடுகள் ஏற்கெனவே காலியாகத்தான் இருந்தன. அதற்கப்புறம் சிங்கப்பூர் முதலீட்டாளர்கள் உட்பட வெளியார் பலர் கடைவீடுகளை வரிசை வரிசையாக வாங்க, மிச்சமிருந்தவர்களுக்கும் நெருக்கடி வந்தது. மையப் பகுதியிலும் வளையத்திலும் சேர்த்து 2009-ல் பத்தாயிரத்துச் சொச்சம் பேர் குடியிருந்தார்கள். 2013-க்குள் அது பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. சுற்றுலா செய்த கெடுதல் எது, அதற்கு முன்பே நடந்த கெடுதல் எது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் வைத்தியமும் தப்பாகத்தான் போகும்.

சனி

இன்று முழுக்க நம்ம ஆட்கள் தெரு.

மார்க்கெட் தெருவை இங்கே தமிழர்கள் கடைத்தெரு என்கிறார்கள். கிங் தெரு ஒரு காலத்தில் படகுக்காரத் தெரு. துறைமுகத்தில் கப்பலிலிருந்து படகுக்கும் படகிலிருந்து கரைக்கும் சரக்கு இறக்கிய தமிழ்த் தொழிலாளிகள் இந்தத் தெருக்களில்தான் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அவர்களுடைய கோயில் குவீன் தெருவில் இருக்கும் மகா மாரியம்மன் கோயில், 1833-லிருந்து இருக்கிறது. கோபுரத்துக்கு நேர் எதிரே நின்று அண்ணாந்து பார்க்கக் கூட இடமில்லாத குறுகல் தெரு.

கோயிலுக்குப் பக்கத்தில் அஞ்சடியில் ஒரு பூக்கடை. கடை என்றால் ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் வாளி, மேலே கம்பியில் தொங்கும் மாலைகள். கட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு அறுபது வயது இருக்கும். கேமரன் மலையிலிருந்து வரும் மஞ்சள் செவ்வந்தியை இரண்டு விரலில் எடுத்து, காம்பைக் கிள்ளி, நூலைச் சுற்றி, இழுத்து, அடுத்த பூ. கண் பூவில் இல்லை, என் மேல் இருக்கிறது.

“ஊர்லேருந்து வந்திருக்கீங்களா?”

இங்கே ஊர் என்றால் இந்தியாதான். ஆமாம் என்றேன். கடை எத்தனை வருஷமாக என்று கேட்டேன்.

“அம்மா போட்ட கடை. பொறந்தது இந்தத் தெருவுலதான், அந்தா அந்த மாடியில.” எதிரே இருந்த நீல ஜன்னலைக் காட்டினார். இப்போது அது தங்கும் விடுதி. “இப்ப வீடு ஆயர் ஈத்தாம் பக்கம், ஃபிளாட். காலையில பஸ் பிடிச்சு வந்துருவேன்.”

வியாபாரம் எப்படி என்றேன். சுற்றுலாக்காரர்கள் வருவது நல்லதுதான், சின்னதாக ஒரு முழம் பூ வாங்கித் தலையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், பத்து வெள்ளி (ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்) கொடுத்துவிட்டு மீதி வேண்டாம் என்கிறவர்களும் உண்டு என்றார். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் சொன்னார். அப்புறம் நூலை அறுத்துவிட்டு ஒன்று சொன்னார்.

“முன்ன சாமி ஊர்கோலம் வந்தா மாடியிலேருந்து பாத்தோம். சாமி எங்க வாசலுக்கு வந்துச்சு. இப்ப நாங்க பஸ் ஏறி வந்து ரோட்டுல நிக்கிறோம்.”

இதை எழுதும்போது கூட எனக்கு மனசு கனக்கிறது. ஊர்வலம் அப்படியே நடக்கிறது. தேர், மேளம், கற்பூரம் எல்லாம் இருக்கிறது. படம் எடுத்துப் பார்த்தால் எதுவும் குறையவில்லை. சாமி நின்று போன வாசல்களில் ஆள் இல்லை, அவ்வளவுதான். பாரம்பரியம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. வட்டித்தொழில் நடத்திய நீளமான கடைவீடுகள். உள்ளே வரிசையாகப் பெட்டகங்கள், ஒவ்வொன்றும் ஒரு பிரதிநிதிக்கு. இதே தெருவில் இருக்கிறது நகரத்தார் கோயில் வீடு. தைப்பூசத்துக்கு முந்தின நாள் விடியும் முன்பே இங்கிருந்துதான் வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும். அந்த ரதம் காரைக்குடியில் செய்து 1894-ல் கப்பலில் வந்தது. வழியெல்லாம் மலைமலையாகத் தேங்காய் குவித்து உடைப்பார்கள். உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். வேண்டுதல் அவர்களுக்கும் உண்டு. சுற்றுலாத் துறை சொல்லிக்கொடுத்து வந்த வழக்கமல்ல இது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் ஒருவர் சாமியை இன்னொருவர் கும்பிட ஆரம்பித்ததில் வந்தது. பக்கத்து வீடு என்ற ஒன்று இருந்தால்தான் இப்படி ஒரு பழக்கம் பிறக்கும்.

சூலியா தெருவில் நாகூர் தர்கா. 1800-களின் தொடக்கத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், நாகூர் ஆண்டவரை நினைத்துக் கட்டியது. அடக்கம் அங்கே நம் நாகூரில், நினைவிடம் இங்கே. வெளிச்சுவரோடு ஒட்டியிருக்கும் சின்னச் சின்னக் கடைகளைக் கவனியுங்கள். ஆள் ஒருவர் உட்கார்ந்து கையை நீட்டினால் சுவர் தட்டும். சொங்கொக் தொப்பி தைக்கிற தொழில் இப்படியொரு இடத்தில்தான் பிழைத்திருந்தது. வெல்வெட் துணியை உள்ளே கெட்டிப்படுத்தி, தலை அளவுக்கு ஒவ்வொன்றாகத் தைக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் ஆலைத் தொப்பியோடு விலையில் மல்லுக்கட்ட முடியாது. பெரிய வாடகை என்றால் அந்தத் தொழில் ஒரு மாதம் தாங்காது.

இங்கே எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. காதர் மைதீன் மரைக்காயர் கப்பித்தானாக, அதாவது சமூகத் தலைவராக, இருந்த காலத்தில், 1801-ல், கம்பெனி சூலியா முஸ்லிம்களுக்கு, அதாவது தமிழ் முஸ்லிம்களுக்கு, 18 ஏக்கர் நிலம் கொடுத்தது. அதில் எழுந்ததுதான் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். பள்ளிவாசல் நிலம் வக்ஃபு. விற்க முடியாது. கூ கொங்சி போன்ற சீனக் குலச் சங்கங்களும், கோயில்களும் இப்படித்தான் சுற்றியிருக்கும் கடைவீடுகளைப் பொதுச்சொத்தாக வைத்திருக்கின்றன. ஜார்ஜ் டவுனில் பழைய தொழில், பழைய குடித்தனம் எங்கெல்லாம் மிஞ்சியிருக்கிறதோ, அங்கே பெரும்பாலும் சொந்தக்காரர் ஒரு தனியாள் இல்லை, ஒரு சாமியோ ஒரு குலமோ ஒரு பள்ளிவாசலோ. அவர்களுக்கும் கூரை செப்பனிடப் பணம் வேண்டும், அவர்களும் வாடகையை ஏற்றத்தான் பார்க்கிறார்கள். ஆனாலும் ஒரே நாளில் கைமாறிவிடாது. எல்லா விதிகளையும் விட இதுதான் இந்த ஊரைக் காத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ‘நாசி கண்டார்’. துறைமுகக் கூலிகளுக்குச் சோறும் குழம்பும் காவடி போலத் தோளில் தூக்கி வந்து விற்ற தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடு. இன்று வரிசை தெருமுனை வரை நிற்கிறது. குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சோற்றில் வெள்ளமாக விடச் சொல்லுங்கள்.

ஞாயிறு

சூ குலத்தாரின் மரப்படகுத்துறை. கடலுக்குள் நட்ட மரக்கால்கள் மேல் ஒரு நீளப் பலகைப் பாதை, இரண்டு பக்கமும் வீடுகள். சீனாவின் ஃபூஜியானிலிருந்து வந்த ஒரே குலத்தார் குடியிருப்பு. லிம், டான், லீ, இயோ என்று குலத்துக்கொரு துறை. நகராட்சியோ அரசோ நிலவரி கேட்க முடியாத இடமாகக் கடல்மேல் வளர்ந்தவை. கோய் துறையும் பெங் ஆன் துறையும் 2006-ல் இடிக்கப்பட்டன, அடுக்குமாடி கட்டுவதற்காக. இரண்டே வருஷத்தில் மிச்சமிருந்தவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியல் வராமல் இருந்திருந்தால் இவையும் போயிருக்கும். இதைச் சுற்றுலாவின் கணக்கில் வரவாக எழுதத்தான் வேண்டும்.

செலவையும் எழுதுகிறேன். நான் போனபோது பலகைப் பாதையில் எதிரெதிரே ஆட்கள் இடித்துக்கொண்டு நடக்கிறார்கள். முன்பகுதியில் வீடுகளின் கூடமெல்லாம் கடை. உள்ளே போகப் போகக் கதவுகளில் படம் எடுக்காதீர்கள் என்று சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பாட்டி தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் போன இரண்டு பேர் நின்று, கைப்பேசியை உள்ளே நீட்டிப் படம் எடுத்துவிட்டு நடந்தார்கள். பாட்டி தலை தூக்கவில்லை. தட்டைச் சற்று சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். அடுத்தவர் வீட்டில் சாப்பிடுகிறவரை எட்டிப் பார்ப்பது தப்பு என்று நம் வீட்டில் ஐந்து வயதிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். விமானம் ஏறிவிட்டால் அந்தப் பழக்கம் எங்கே போகிறது? எனக்குக் கோபம் வந்தது, எடுத்தவர்களிடம் சொல்லவும் சொன்னேன்.

பக்கத்தில் லிம் துறையில் கூட்டமே இல்லை. துணி காய்கிறது, நாய் தூங்குகிறது. கூட்டத்தைப் பிரித்துவிட அங்கேயும் ஓவியம் வரைந்து கடை போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து வேண்டாம்.

திங்கள்

ஒரு கடைவீட்டில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளே தமிழ்க்குரல் கேட்டு நின்றேன். புதுக்கோட்டைப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் உளியால் சுவரில் சிமெண்டைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

“சிமெண்டு பூசிக் கெடுத்து வச்சிருக்காங்கண்ணே. இந்தச் சொவரு மூச்சு விடணும்.”

கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். சிமெண்டு இருந்த இடம் சில்லென்று ஈரம், ஓரமெல்லாம் உப்புப் பூத்து உதிர்கிறது. சுண்ணாம்புப் பூச்சு இருந்த இடம் காய்ந்திருந்தது. பழைய கடைவீடுகளுக்கு ஈரம் ஏறாமல் தடுக்கும் அடித்தளம் கிடையாது. நிலத்தடி ஈரம் செங்கலில் மெல்ல ஏறும், சுண்ணாம்பு வழியாக ஆவியாகி வெளியேறும். மேலே சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்தால் வழி அடைபட்டுச் செங்கல் உள்ளேயே மாவாகிறது. சுற்றுலா வேகத்தில், மூன்று மாதத்தில் விடுதி திறக்க வேண்டும் என்று அவசரப்பட்டவர்கள் பலர் செய்தது இதுதான். சுண்ணாம்பு ஊற வேண்டும், பூச வேண்டும், காய வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். நடுவில் இருக்கும் முற்றத்துக்குக் கண்ணாடி போட்டு ஏசி வைத்துவிடுகிறார்கள், காற்று வருகிற வழியும் போச்சு என்றார். செட்டிநாட்டு வீட்டுப் பூச்சு தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு இருக்கிறது. அதைக் கேட்க நன்றாக இருந்தது.

கைத்தொழில் செய்பவர்களிடம் இளையவர்களைப் பழக்க, 1986-லிருந்து இயங்கும் பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளை ஒரு திட்டம் நடத்தியிருக்கிறது. சாப்பாட்டு விஷயத்தில் மாநில அரசே இறங்கியது. தெருவோரக் கடைகளில் பினாங்கின் பெயர் பெற்ற பதார்த்தங்களை வெளிநாட்டவர் முதன்மைச் சமையல்காரராக இருந்து சமைக்கக் கூடாது என்று 2016 தொடக்கத்திலிருந்து தடை. கரண்டி பிடிக்கும் கை உள்ளூர்க் கையாக இருக்க வேண்டும் என்று விதி போட முடிகிறது. அந்தக் கைக்காரர் இரவில் படுக்கும் வீடு ஊருக்குள் இருக்க வேண்டும் என்று ஏன் போட முடியாது?

விடுதிக் கணக்கைத் தீர்த்தபோது ரசீதில் இரண்டு வரிகள். வெளிநாட்டவருக்கு அறைக்கு ஒரு இரவுக்குப் பத்து வெள்ளி, 2017-லிருந்து மத்திய அரசு வாங்குவது. இன்னொன்று 2014-லிருந்து பினாங்கு வாங்கும் உள்ளூர்க் கட்டணம், விடுதியின் தரத்தைப் பொறுத்து இரண்டோ மூன்றோ வெள்ளி. சந்தோஷமாகக் கொடுத்தேன். இன்னும் அஞ்சு வெள்ளி கேட்டாலும் கொடுப்பேன், அது எங்கே போக வேண்டும் என்பதில் எனக்கு ஒரு யோசனை உண்டு. 2009-லிருந்து திங்க் சிட்டி என்ற அமைப்பு இங்கே பழைய கட்டடங்களைச் செப்பனிட மானியம் கொடுத்து வந்திருக்கிறது. அதுமாதிரி மானியத்தைப் பயணிகள் கட்டும் கட்டணத்திலிருந்து பெரிதாக்கி, வீட்டுக்காரருக்குக் கூரைக்கும் சுவருக்கும் கொடுக்கட்டும். பதிலுக்கு, குடியிருப்பவரையும் தொழில் செய்பவரையும் இன்ன வாடகைக்கு மேல் கேட்க மாட்டேன், இன்ன காலம் வரை காலி செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்க வேண்டும். வீட்டுக்காரருக்கும் நஷ்டமில்லை, வாடகைக்காரரும் போகவேண்டியதில்லை. பழைய சட்டம் வீட்டுக்காரர் தலையில் மட்டும் பாரத்தை வைத்தது, அதனால்தான் உடைந்தது. பார்க்க வருகிறவர்கள் அந்தப் பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்கலாம்.

கிளம்பும் முன் குவீன் தெருவுக்குப் போய்ப் பூக்கடை அக்காவிடம் இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

“எத்தன வருஷத்துக்கு எழுதிக் குடுப்பாங்க?”

தெரியவில்லை, ஐந்து வருஷம் வைக்கலாம் என்றேன்.

“அஞ்சு பத்தாது. என் மக வேலைய விட்டுட்டுக் கடைக்கு வரணும்னா பதினஞ்சாவது வேணும்.”